காபி வாசனை போன வழி

என் மச்சினன் கிச்சாவைப் பற்றி உலகத்தில் வேறு யாரும் ஒரு வரிகூட எழுதப்போவதில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். ரிட்டயர் ஆனவனுக்குக் கிடைக்கிற சொற்பச் சலுகைகளில் அதுவும் ஒன்று. முழங்கால் வலியோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

கிச்சா, என் மனைவி விஜயலக்ஷ்மியின் தம்பி. மந்தைவெளியில் வீடியோ லைப்ரரி வைத்தான். உடனே தெருவுக்குக் கேபிள் டி.வி. வந்தது. சரி என்று கேபிள் டி.வி. எடுத்தான், ஒரு புயல் அடித்து அத்தனை மொட்டை மாடியிலிருந்தும் அவன் ஒயரை உருவி எடுத்துக்கொண்டு போனது. அதன் மறுநுனி இலங்கையில் கரை ஏறியதாகக் கேள்வி. அடையாறில் மூலிகை ஷாம்பூ விற்றான். அதைப் பற்றி வேண்டாம், பாதிக்கப்பட்டவர்கள் இன்னும் தொப்பி போட்டுக்கொண்டு நடமாடுகிறார்கள். கடைசியில் மயிலாப்பூரில் ஸ்ரீ சுநாத ரசிக சபாவின் மார்கழி கான்ட்டீனைப் பிடித்தான். அங்கேதான் அவனுக்கு ஒரு காரியம் வரும் என்பது தெரிந்தது. காபி போட வந்தது. அவன் காபியைக் குடித்தால் கண் பார்வை தெளிந்து, எதிர் வரிசை மாமியின் தோட்டில் எத்தனை கல் என்று எண்ணலாம்.

ஆனால் காபி நன்றாக இருந்ததுதான் வினை.

கச்சேரிப் பழக்கம் இல்லாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரிய ராகத்தை ஆலாபனை செய்து, பெரிய பாட்டைப் பாடி முடிக்கிற இடத்தில், பாடகரும் பிடில்காரரும் கையைக் கட்டிக்கொள்வார்கள். மிருதங்கக்காரர் மட்டும் வாசிப்பார். அதற்குத் தனி ஆவர்த்தனம் என்று பெயர். மயிலாப்பூரில் அதற்கு இன்னொரு பெயர் காபி. மிருதங்கத்தில் முதல் தட்டு விழுந்ததும் அரங்கம் அப்படியே எழுந்து வெளியே போகும். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பிறக்கும்போதே வருகிற அறிவு.

தொண்ணூற்று மூன்று சீசனில், எழுந்து போன கூட்டம் திரும்பவே இல்லை. கிச்சாவிடம் ரெண்டு அண்டாவும் நாலு பில்டரும்தான் இருந்தன. டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் நின்ற வரிசை கச்சேரி ரோடு வரை போய், அங்கே பஸ்ஸுக்கு நின்ற வரிசையோடு கலந்து, காபி கேட்டு வந்தவர்களில் சிலர் பட்டினப்பாக்கத்தில் இறங்கினார்கள். உள்ளே அபயாம்பாள் மாமி தனிக்கு அப்புறம் பாடவேண்டியதையெல்லாம் தகர நாற்காலிகளுக்குப் பாடினார். பெரிய வித்துவான் அவர். அந்த நாளில் அவர் புருவம் உயர்ந்தால் பக்கவாத்தியக்காரர்களுக்கு ஜுரம் வரும்.

மறு வருஷம் கார்த்திகை மாசம், கிச்சா எங்கள் ஆத்து வாசலில் வந்து நின்றான்.

"அத்திம்பேர், நான் போயிட்டேன்."

"எங்கே?"

"நடுத்தெருவுக்கு."

உள்ளேயிருந்து விஜி குரல் கொடுத்தாள். "அங்கதானேடா ரொம்ப நாளா இருக்கே. இன்னிக்கு என்ன புதுசா?"

புதுசு இதுதான். சபா செயலாளர் ஸ்ரீவத்சன் அவனைக் கூப்பிட்டு ஒரு கெடு வைத்திருந்தார். சீசனின் முதல் சனிக்கிழமை அபயாம்பாள் மாமி கச்சேரி. தனி முடிகிறபோது ஜனங்கள் காபி குடித்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து தி. நகர் காண்ட்ராக்டர் ஒருவர் வந்து அடுப்பு மூட்டுவார்.

"இதுவும் போச்சுன்னா அடுத்தது எனக்கு என்ன இருக்கு சொல்லுங்கோ," என்றான் கிச்சா. கண் கலங்கியிருந்தது. கையில் மட்டும் விஜி கொடுத்த தட்டையை விடாமல் பிடித்திருந்தான்.

"முன்னாடியே டிகாக்‌ஷன் இறக்கி வெச்சுக்கோயேன்?"

அவன் என்னைப் பார்த்த பார்வையை, நான் கோயில் சொத்தை விற்கச் சொல்லியிருந்தாலும் பார்த்திருக்க மாட்டான். "இறங்கிக் காத்துண்டிருக்கிற டிகாக்‌ஷன் பொணம், அத்திம்பேர். பொணத்தைப் போய் மாமாக்களுக்கு டம்ளர்ல ஊத்தச் சொல்றேளா?"

அப்போது நான் கிண்டியில் ஒரு கம்பெனியில் இருந்தேன். பால் பண்ணைகளுக்கு வேண்டிய கொதிகலன், குழாய், தொட்டி எல்லாம் வடிவமைப்பது வேலை. ஆயிரக்கணக்கான லிட்டர் பால் ஒரு பக்கம் பச்சையாகப் போய் மறு பக்கம் பதமாக வரும். நடுவில் மனிதக் கை படாது. நானே பாலைத் தொட்டதில்லை. கண்ணாடித் துவாரம் வழியாகப் பார்த்து ஒரு கும்பிடு போடுவதோடு சரி. அப்படிப்பட்டவன் முன்னால் வந்து ஒருத்தன் காபி வரிசை என்று அழுதால் என்ன ஆகும்? நெஞ்சு விம்மியது. கிச்சாவின் சங்கடம் சமையல் சங்கடமே இல்லை. அது ஓட்டம். பாலும் டிகாக்‌ஷனும் எவ்வளவு வேகமாக ஓடவேண்டும், எந்தச் சூட்டில் சந்திக்கவேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கே கம்பெனிக் கொல்லையில் போட்டுவைத்திருந்த பழைய சாமான்களை மனசுக்குள் அடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

அங்கே நெய் காய்ச்சுகிற ஒரு எவர்சில்வர் கலன் கிடந்தது. யானை உட்கார்ந்து குளிக்கலாம். சின்ன பாய்லர் ஒன்று. அப்புறம் அப்பளக் கட்டு மாதிரி மெல்லிய தகடுகளை நெருக்கி அடுக்கிய ஒரு சாதனம்: ஒரு தகட்டு இடைவெளியில் பால் ஓடும், அடுத்ததில் வெந்நீர் ஓடும், பால் அந்தப் பக்கம் போவதற்குள் கொதித்துவிடும். மேனேஜரிடம் கேட்டேன். "எடுத்துண்டு போங்க, பாம்பு குட்டி போடறது அதுக்குள்ள," என்றார்.

டிகாக்‌ஷனுக்கு ஆள் உயரத்துக்கு ஒரு மூடின உருளை. உள்ளே சல்லடைத் தட்டு, அதன் மேல் காபிப்பொடி, மேலேயிருந்து நீராவி அழுத்தத்தில் வெந்நீர். திறந்தால் ஒரே மூச்சில் இறங்கும். எப்போது திறப்பது என்பதுதான் கேள்வி. சீக்கிரம் திறந்தால் பொணம். தாமதித்தால் வரிசை.

அஃப்சருன்னிசாவிடம் போனேன். எங்கள் கம்பெனியில் மீட்டர், வால்வு சமாசாரத்துக்கெல்லாம் அவள்தான் இன்ஜினியர். திருவல்லிக்கேணிப் பெண். பேச்சு, வெட்டு ஒன்று துண்டு ரெண்டு.

"எப்போ சார் வால்வு தொறக்கணும்?"

"தனி ஆரம்பிச்ச உடனே."

"தனின்னா இன்னா?"

"பாட்டு நின்னுடும். பிடில் நின்னுடும். மிருதங்கம் மட்டும் கேக்கும்."

"அவ்ளோதானா. மேடையில மூணு மைக்கு. ரெண்டு கம்முனு கீது, ஒண்ணு மட்டும் பேசுது. கொஞ்ச நேரம் அப்டியே இருந்தா வால்வைத் தொற. ஒரு பெட்டி பண்ணித் தரேன், அதுவே பார்த்துக்கும்." கொஞ்சம் யோசித்தாள். "காபிக்கா சார் இவ்ளோ?"

"நீ கச்சேரி கேட்டிருக்கியா?"

"கல்யாணத்துல கேட்டிருக்கேன். பந்தி பக்கமா உக்காந்து."

பெட்டி வந்தது. முகப்பில் ஒரு மீட்டர், அதில் பாடுகிறவர் குரலின் அளவுக்கு ஏற்ப அசைகிற ஒரு ஊசி. ஒரு சிவப்பு பல்பு. எவ்வளவு நேரம் மிருதங்கம் தனியாகக் கேட்டால் வால்வு திறக்கவேண்டும் என்பதற்கு ஒரு திருகு. அந்தத் திருகை அஃப்சர் நல்ல நீளமான நேரத்துக்கு வைத்துவிட்டுப் போனாள். ஒரு முறை வால்வு திறந்தால் உருளை காலியாகும் வரை மூடாது.

ரங்கநாதன் தெருவுக்குப் போய் டபராவும் டம்ளரும் வாங்கி வந்தோம். போனது நாங்கள் இரண்டு பேர். கூட்டத்தில் கிச்சாவைத் தொலைத்துவிட்டேன். தேடினால், மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலத்தின் மேல், காலே தரையில் படாமல் சாக்கோடு மிதந்து வந்துகொண்டிருந்தான்.

கான்ட்டீன் என்பது அரங்கத்தின் பக்கச் சுவரை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. கலனையும் உருளையையும் நிறுத்தினதும் கொட்டகை கப்பல் எஞ்சின் அறை மாதிரி ஆகிவிட்டது. ஒத்திகை பார்த்தோம். பால் பறந்தது, டிகாக்‌ஷன் பாய்ந்தது, முதல் டம்ளரை விஜிக்குக் கொடுத்தான் கிச்சா. அவள் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நன்னாயிருக்கு. ரொம்ப நன்னாயிருக்கு. இவ்வளவு நன்னா இருந்தா அப்புறம் பாட்டு எதுக்குடா?"

இதற்குமேல் யாரும் எதையும் தொட்டிருக்கக் கூடாது. ஆனால் கிச்சா என்றால் ஆர்வம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் எல்லாரும் போன பிறகு அவன் தனியாக இருந்து இரண்டு நல்ல காரியங்கள் செய்தான். உருளையிலிருந்து ஆவி வெளியேறுகிற குழாய் கொட்டகைக்குள்ளேயே ஊதுகிறதே, வடை நமத்துப்போகுமே என்று, சுவரில் மேலே ஒரு வட்ட ஓட்டையைக் கண்டுபிடித்து அதற்குள் குழாயைச் சொருகினான். அந்த ஓட்டை வழியாகத்தான் சபாவின் பெரிய மின்விசிறி அரங்கத்துக்குள் காற்றை இழுக்கிறது என்பதை அவன் யோசிக்கவில்லை. அப்புறம் பெட்டியின் திருகைப் பார்த்தான். காபி தாமதமாகிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, அதை அடி வரைக்கும் குறைத்து வைத்தான்.

சனிக்கிழமை. கூட்டம் என்றால் கூட்டம். அடையாறு, நங்கநல்லூர் எல்லாம் காலி. ஜரிகை அங்கவஸ்திரங்களின் பளபளப்பில் விளக்குப் போட அவசியமே இல்லை. அஃப்சர் அரங்கத்தின் ஓரத்தில், தூண் பக்கத்தில் ஒரு முக்காலியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் கிச்சாவும் கான்ட்டீனில். கிச்சா புது வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி பூசி, டம்ளர்களைப் பார்த்துப் பார்த்து நிமிர்த்திக்கொண்டிருந்தான்.

பாதிக் கச்சேரி நன்றாகப் போயிற்று. அடுத்தது பெரிய ராகம். மாமி பாடுவதற்கு முன் பிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் வெந்நீர் குடித்தார். பிடில்காரர் வில்லைக் கீழே வைத்துவிட்டு வேர்வையைத் துடைத்தார். மிருதங்கம் கணேசமூர்த்தி, கிடைத்த இடைவெளியில், கல்லை எடுத்து மிருதங்கத்தின் ஓரத்தில் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்தார். எந்தக் கச்சேரியிலும் நடக்கிறதுதான்.

இரண்டு மைக் மௌனம். ஒன்று மட்டும் பேசுகிறது. திருகு அடியில் இருக்கிறது. சிவப்பு பல்பு எரிந்தது.

அஃப்சர் பார்த்தாள். ஓகோ, இதுதான் தனி போல என்று திருப்திப்பட்டுக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியுமா?

கொட்டகையில் வால்வு திறந்த சத்தம் சாந்தோமில் கேட்டது. "அத்திம்பேர், தனி ஆயிடுத்து," என்று கிச்சா பாலைத் திறந்தான். எனக்கு என்னமோ உதைத்தது. உள்ளேயிருந்து மாமியின் குரல், காம்போதி ராகம், அப்போதுதான் அடியெடுத்து வைக்கிறது. "கிச்சா, இது தனி இல்லைடா, ஆலாபனை," என்றேன். "பாவி, எப்படித் திறந்தது?" அதற்குள் உருளை பாதி இறங்கிவிட்டது. ஆவி குழாயில் ஏறிவிட்டது. குழாய் சுவருக்குள். சுவருக்குப் பின்னால் விசிறி.

உள்ளே நடந்ததை நான் பக்கக் கதவு வழியாகப் பார்த்தேன். செத்தாலும் மறக்காது. அரங்கத்துக்குள் புதுக் காபி டிகாக்‌ஷனின் முதல் மணம், மேலேயிருந்து, கோயில் மடைப்பள்ளிப் புகை மாதிரி இறங்குகிறது. முன் வரிசையில் ஒரு ரிட்டயர்ட் ஜட்ஜின் மூக்கு மட்டும் முதலில் நிமிர்ந்தது. பின்னாடியே அவர் நிமிர்ந்தார். கண் மேடையைப் பார்க்கிறது, தலை ராகத்துக்கு ஆடுகிறது, கால் வெளியே நடக்கிறது. காபி என்றால் தனி என்று அத்தனை வருஷமாகப் பழகின கால்கள். வரிசை வரிசையாக எழுந்தார்கள். ஒருத்தர் முகத்திலும் தப்புச் செய்கிற களையே இல்லை. ஸ்ரீவத்சன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார். மரியாதையாக அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அரங்கம் துடைத்துவிட்டது போல் ஆனது. மாமி கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார்.

கிச்சா கதவுக்கு வந்து பார்த்தான். "போச்சு. எல்லாம் போச்சு," என்றான். பிறகு திரும்பி, வருகிற கூட்டத்தைப் பார்த்து, வேட்டியை மடித்துக் கட்டினான். போகிறது எப்படியும் போகிறது, குடிக்கிறவன் நன்றாகக் குடிக்கட்டும் என்று நினைத்தானோ என்னவோ. அன்றைக்கு அவன் ஆற்றிய காபியைப் போல் ஒன்றை நான் பார்த்ததில்லை. டம்ளரிலிருந்து டபராவுக்கு வெள்ளை நாடா மாதிரி நின்றது. யந்திரம் என்ன யந்திரம் அது! வரிசை சேருவதற்குள் கரைந்தது. சிலர் இரண்டாவது டம்ளர் வாங்கி, அதையும் முடித்து, வடையும் தின்று, அப்போதும் உள்ளே பாட்டு நடப்பதைக் கேட்டு ஆச்சரியப்பட்டார்கள். "என்ன ஓய், தனி ரொம்ப மெதுவா இருக்கே இன்னிக்கு," என்றார் ஒருவர்.

மாமி பெரிய பாட்டை முடிக்கிற நேரத்துக்குக் கூட்டம் மொத்தமும் நாற்காலியில் இருந்தது. வயிறு நிறைந்து, எழுந்து போகக் காரணம் இல்லாமல். கணேசமூர்த்தி தனிக்குக் கையைத் தூக்கினார். வழக்கப்படி ஜனங்கள் போவதற்காக ஒரு நிமிஷம் காத்திருந்தார். யாரும் போகவில்லை. அவர் திரும்பி, தம்பூராப் பெண்ணிடம் ஏதோ கேட்டார். பிறகு வாசித்தார். அந்த வாசிப்பில் கபாலி கோயில் தெப்பக்குளத்து மீன்கள் தாளம் போட்டன என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். போடாவிட்டால் அது மீனின் அறியாமை.

கச்சேரி முடிந்தது. ஸ்ரீவத்சன் கான்ட்டீனுக்கு வந்தார். பின்னால் சட்டை முழுக்க நனைந்த கணேசமூர்த்தி.

"கிச்சா, பாத்திரத்தைக் கழுவி வை," என்றார் ஸ்ரீவத்சன். "நாளைக்கு நீ வரவேண்டாம்."

"ஏன் வரவேண்டாம்?" என்றார் கணேசமூர்த்தி. தென்காசிப் பக்கத்துக்காரர், அசோக் நகரில் குடியிருந்தார். "நீங்கதானே சொன்னீக, தனி முடியும்போது ஆளு நாற்காலியில இருக்கணும்னு? ஆரம்பிக்கும்போதே இருந்துச்சே. இத்தனை வருசமா வாசிக்கேன், சனங்க முதுகைத்தான் பாத்திருக்கேன். இன்னைக்குத்தான் மூஞ்சியப் பாத்தேன். பாவிக, நல்லாத்தான் இருக்காக."

"ஆலாபனை நடுவுல போனாளே ஓய். மாமிக்கு யார் பதில் சொல்றது?"

பதில் சொல்ல அவசியம் இல்லாமல் மாமியே வந்துவிட்டார். கிச்சா ஒரு டபராவை மார்போடு அணைத்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்து அஃப்சர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"இவதான்," என்றார் மாமி. "நீ யாரும்மா?"

அஃப்சர் என்னைப் பார்த்தாள். "மேடம், வால்வு சீக்கிரமா தொறந்துகிச்சு. பெட்டி என்னுது. சாரி மேடம்."

"வால்வு கிடக்கட்டும். சபையே எழுந்து போச்சு. கண்ணைத் திறந்தா ஒத்தை ஆள், தூண் ஓரமா. நீ மட்டும் ஏன் போகலை?"

"நான் காபி குடிக்க மாட்டேன் மேடம். டீதான்."

யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள். மாமி சிரிக்கவில்லை. "அதுக்கும் வெளியில போகலாமே. என்னையே பார்த்துண்டிருந்தியே, ராகம் தெரியுமோ?"

"தெரியாது மேடம். ஊசியைப் பார்த்துக்கினு இருந்தேன்." பெட்டியைத் திருப்பிக் காட்டினாள். "எங்க கம்பெனி பாய்லர்ல அழுத்தம் ஒரே எடத்துல நிக்கணும்னு சார் எத்தனையோ வால்வு போட்டார். நிக்காது, ஆடிக்கினே இருக்கும். நீங்க மேல போய் ஒரு எடத்துல புடிச்சீங்க பாருங்க, ஊசி அப்டியே நின்னுடுச்சு. மீட்டர் ரிப்பேர்னு நெனச்சுத் தட்டிப் பார்த்தேன். ரிப்பேர் இல்ல மேடம். நீங்கதான்."

மாமி அந்த ஊசியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மேல் ஸ்தாயி காந்தாரம்," என்றார், யாரிடமோ போல. "அதுக்காக எங்கப்பா என்னை சாந்தோம் கடல்ல கழுத்தளவு தண்ணில நிறுத்தி சாதகம் பண்ண வெச்சார். பேப்பர்ல என்னென்னமோ எழுதறா, புடவை கலர் உள்பட. இதை ஒருத்தரும் எழுதலை."

பிறகு செயலாளர் பக்கம் திரும்பினார். "கான்ட்டீன் இவன்கிட்டயே இருக்கட்டும், ஸ்ரீவத்சன்."

"மாமி, உங்க ராகத்து நடுவுல..."

"போனவா போனா. இருந்தவளுக்குப் பாடினேன். ரொம்ப நாளைக்கப்புறம் சரியாப் பாடினேன்." குரல் கறாரானது. "ஆனா அந்தக் குழாயை எடுத்துடணும்."

"எடுத்துராதீகம்மா," என்றார் கணேசமூர்த்தி பதறிப்போய். "எனக்கு இப்பத்தான் நாலு மூஞ்சி கெடைச்சிருக்கு."

"உம்ம தனிக்கு ஆள் சேர்க்க என் ஆலாபனையைக் குடுக்கணுமோ?"

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டார்கள். அப்போது மாமியின் கண் மெதுவாக ஸ்ரீவத்சன் மேல் வந்து நின்றது. கச்சேரிக்கு நடுவில் மைக்கைப் பிடித்து, நன்கொடையாளர் எல்லாரையும் தாத்தா பெயர் சொல்லி வாழ்த்துவது ஸ்ரீவத்சனின் வழக்கம். ரொம்ப நேரம் வாழ்த்துவார்.

"குழாய்க்கு ஒரு மூடி போட்டுடுங்கோ," என்றார் மாமி என்னிடம். "இவர் பேசறச்சே திறந்தாப் போறும்."

கணேசமூர்த்தி மேல்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். ஸ்ரீவத்சன் ஏதோ சொல்ல வந்து, மாமியின் புருவத்தைப் பார்த்து, "ஆகட்டும்," என்றார். அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. ஜனங்கள் போனாலும் அவர் பேசுவார்.

கிச்சா அப்படியே தரையில் விழுந்து மாமியை நமஸ்காரம் பண்ணினான். டபராவை விடவில்லை.

"எழுந்திருடா. இன்னொண்ணு பாக்கி. நாளைலேர்ந்து டீயும் போடணும். இந்தப் பொண்ணு வந்தா குடிக்க ஒண்ணுமில்லைன்னு இருக்கப்படாது."

"டீயா?" கிச்சாவின் குரல் கீச்சென்றது. "நம்ம சபாவுலயா?"

"காபி குடிக்கிறவாளை நம்பிப் பாடினதுக்கு என்ன கிடைச்சுதுன்னு இன்னிக்குப் பார்த்தோமே," என்றார் மாமி.

கிச்சாவுக்கு டீ போட வராது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு திருவல்லிக்கேணிக்குப் போய், அஃப்சரின் அம்மா ஜமீலுன்னிசா வீட்டு அடுப்படி வாசலில் நின்று கற்றுக்கொண்டு வந்தான். முதல் நாள் டீயை விஜி குடித்துப் பார்த்து, ஷாம்பூவை நினைவுபடுத்துகிறது என்றாள். ஒரு வாரத்தில் சரியாயிற்று. அந்தச் சீசனும் அதற்கப்புறம் பல சீசனும் சுநாத ரசிக சபாவில் ஸ்ரீவத்சன் மைக்கைத் தொட்டதும் மூடி திறக்கும், அரங்கம் எழும், தனிக்கு எல்லாரும் உள்ளே இருப்பார்கள். மற்ற சபாக்காரர்கள் இது என்ன அதிசயம் என்று வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கூரையைப் பார்த்தார்கள், மேடையைப் பார்த்தார்கள். ஒருத்தரும் குழாயைப் பார்க்கவில்லை.

இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. எங்கள் உருளை இருந்த மூலையில் யாரோ கார் நிறுத்துகிறார்கள். மார்கழியில் அந்தப் பக்கம் நடந்தால் என் கால் தானாக மெதுவாகும், மூக்கு தானாக நிமிரும். ஒன்றும் வராது.

அந்தச் சபா இருந்த வரைக்கும், அபயாம்பாள் மாமி கச்சேரி என்றால் அஃப்சர் எங்கிருந்தாலும் வந்துவிடுவாள். பெட்டி இல்லாமல்தான். அந்தத் தூண் ஓரத்து முக்காலியை அவளுக்கென்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. மாமி மேல் ஸ்தாயிக்குப் போகும்போது கண்ணைத் திறந்து ஒரு முறை அந்தப் பக்கம் பார்ப்பார். அஃப்சர் ஆள்காட்டி விரலை ஊசி மாதிரி நிமிர்த்திக் காட்டுவாள். ஆடாமல்.